நூற்றுப் பதினேழாம் கப்பு

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து நான் மூத்திரக்காரம்மா. பூலவலசில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடையைத் தாண்டுவதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். பதினோரு வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தியிருக்கிறேன். ஒருத்தராவது ரத்தக்காரி என்று கூப்பிட்டதுண்டா? இதற்கு மட்டும் எல்லாருக்கும் வாய் வந்துவிடுகிறது.

வேலை இதுதான். கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதற்காக மூன்று பேர், ஆளுக்கு ஒரு வட்டாரம். பூலவலசு வட்டாரத்தில் இருநூறு கர்ப்பிணிகளிடம் நான் விடிகாலை முதல் சிறுநீரை வாங்கி அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு கப்பு, ஒரே ஒரு தடவை. அதில் அயோடின், துத்தநாகம், செலினியம், ஆர்சனிக், காரீயம் எல்லாம் எத்தனை நுணுக்கு இருக்கிறது என்று லேபில் அளப்பார்கள். ஒருத்திக்கு வைத்தியம் பார்ப்பதற்கு அல்ல, ஊருக்கே என்ன குறைச்சல், என்ன அதிகம் என்று தெரிந்துகொள்ள. கப்பின் மேல் பெயர் எழுதக்கூடாது. எண்ணும், எத்தனை வாரக் கர்ப்பம் என்பதும் மட்டும் இருக்கும்.

ஆபீஸ் நோட்டில் ‘ஐஸ் கரைந்தது, பஸ் தாமதம்’ என்பதற்குத்தான் இடம். மற்றதை எழுத இந்த நோட்டு.

"இருநூறு கர்ப்பிணியா? உனக்குக் கஷ்டமா இருக்காதா சுகந்தா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்கென்ன கஷ்டம்? கப்பு வாங்கப் போகிறவளுக்குக் கப்புதான் கண்ணில் படும். காலையில் வழக்கம்போலச் சத்துப்பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டேன், அவர் எழுவதற்கு முன்னால்.

ஜூன் 6, வியாழன்

இன்று லேபைக் காட்டினார்கள். அட என்ற சாமி! எங்கிருந்து எழுதுவது என்றே தெரியவில்லை.

மெஷினைப் பார்த்தால் ஒன்றும் பிரமாதமாக இல்லை, நம் வீட்டு பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கிறது. ஓட்டுகிறவள் ஹசீனா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னலைக் காட்டி, "குனிஞ்சு பாருங்கக்கா" என்றாள். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு சுடர், கட்டை விரல் அளவு.

"இது சூரியனோட மேல்பக்கத்தவிடச் சூடுங்கக்கா" என்றாள்.

"பொய் சொல்லாதம்மா. அப்படீன்னா இந்தக் கட்டடமே உருகி ஓடியிருக்குமே."

"சத்தியமாங்க. ஒரு சொட்டு மூத்திரத்தப் பனி மாதிரி ஆக்கி இதுக்குள்ள ஊதும். உப்பு, சக்கரை, நாத்தம் எல்லாம் பிஞ்சு பிஞ்சு அணு அணுவாப் போயிரும். அப்புறம் எடைவாரியா நிக்க வெச்சு ஒண்ணொண்ணா எண்ணும்."

எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் தெரியுமா என்று கேட்டேன். "உங்க ஊர்ல கெணறு இருக்குதுங்களா? நெறையத் தண்ணி. அதுல ஒரு சிட்டிகை காரீயத்தப் போட்டுக் கலக்கிட்டு எனக்கு ஒரு சொட்டு குடுங்க. போட்டிருக்கீங்கன்னு சொல்லிருவேன்" என்றாள்.

அவள் தோளைத் தட்டும்வரை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. கோயிலில் திரை விலகும்போதுகூட நான் இப்படி வாயடைத்து நின்றதில்லை, சாமி கோவித்துக்கொண்டால் கோவித்துக்கொள்ளட்டும். நாம் கழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி மறக்கிற ஒன்று. அதற்குள் நாம் தின்றது, குடித்தது, தொட்டது எல்லாம் கணக்காக இருக்கிறதாம்.

ஜூன் 11, செவ்வாய்

கப்பைத் தொடும் நாளில் திருநீறு கூடாது, குங்குமம் கூடாது, பவுடர், மோதிரம், மருதாணி எதுவும் கூடாது. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் கிரேஸ் பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்: "உங்க நெத்தியிலிருந்து ஒரு துகள் உதிர்ந்தாப் போதும், அந்தப் பொண்ணு உடம்புல இல்லாதது இருக்குன்னு ஆயிடும்." கப்புகளை ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவித்தான் தருகிறார்கள். ஆகவே தினமும் பஸ் நிறுத்தத்துக் குழாயில் நெற்றியை அழித்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிறேன்.

இதற்கு இன்று பாப்பாத்தியம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏம்மிணி, மாசமா இருக்கறவ ஊட்டுக்கு வெறும் நெத்தியோடயா வருவ? உனக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்லையா?" அவர் மருமகள் கௌசல்யா, இருபத்து மூன்று வயது, எப்போதும் சிரிப்பு. "அத்தை, அவங்க படிச்சவீங்க, சும்மா இருங்க" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் எண் 117.

"என்ற முறை எப்பங்கக்கா?"

"இருபத்தொண்ணாம் தேதி."

"ஐயோ, அன்னிக்கு எனக்கு வளகாப்புங்க! பொழுதோட எங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் பெத்துட்டுத்தான் வருவேன்."

"வெடியால அஞ்சு மணிக்குப் புடிச்சுப் பின்னால தண்ணித்தொட்டித் திட்டுமேல வெச்சுரு கண்ணு. ஆறரைக்கு வந்து எடுத்துக்கறேன்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "தொட்டுப் பாருங்கக்கா, எப்படி ஒதைக்குதுன்னு" என்றாள். கை கழுவணும் என்று சொல்லிவிட்டேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

எல்லாப் பெட்டியிலும் ஒரு கப்பில் வெறும் தண்ணீர் போகிறது. சாதாரணத் தண்ணீர் அல்ல. ஹசீனா பல தடவை வடித்து, அதில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாமல் ஆக்கித் தருவது. அதை நான் பூலவலசுக்குக் கொண்டுவந்து, ஒரு வாசலில் நின்று மூடியைத் திறந்து, பத்து நொடி விட்டு மூடி, மற்ற கப்புகளோடு திருப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒன்றுமில்லை என்று மெஷின் சொன்னால்தான் மற்றவை சொல்வது நிஜமாம். ஒன்றுமில்லாததை இத்தனை பத்திரமாகச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறேன். நினைத்தால் ஆச்சரியமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் வருகிறது.

வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. வாயில் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி, காபி குடித்தாலும் போகமாட்டேன் என்கிறது. வெயிலும் பஸ்ஸும் சேர்ந்து செய்கிற வேலை. சில்லறை இல்லை என்ற கண்டக்டரிடம் கத்திவிட்டு வந்தேன், பாவம்.

ஜூன் 20, வியாழன்

116 பேரிடம் கேட்டேன், 116 கப்பு. மற்ற இரண்டு வட்டாரத்துக்காரிகளும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு விட்டுவிட்டார்கள். "சுகந்தாமணியைப் பாருங்க, ஒண்ணுகூடத் தவறல" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். என் வாழ்க்கையில் ஒன்றும் தவறவில்லை என்று யாரும் சொன்னதே கிடையாது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஜூன் 21, வெள்ளி

கௌசல்யா வீட்டில் பந்தல், மைக் செட், ஒரே ஜனம். ஆறரைக்குப் பின்பக்கம் போனேன். கப்பைச் சொன்னபடி திட்டுமேல்தான் வைத்திருந்தாள். நான் பார்க்கும்போதே ஆட்டுக்குட்டி ஒன்று திட்டில் ஏறி, கப்பை முகர்ந்து, தட்டிவிட்டுக் குதித்து ஓடியது. சனியன் பிடித்த குட்டி! கப்பு மண்ணில் உருண்டது, ஒரு சொட்டு மிஞ்சவில்லை. என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மணையில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், ‘எடுத்துட்டீங்களா’ என்று கண்ணாலேயே கேட்டாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

பெட்டியை லேபுக்கு எடுத்துப்போகும் வண்டி ஏழரைக்கு வரும். பையில் இரண்டு மாற்றுக் கப்புகள் எப்போதும் இருக்கும். ‘117, 28 வாரம்’ என்று எழுதிய மாற்று லேபிளும் இருந்தது. அங்கன்வாடிக் கக்கூஸில் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். ‘28 வாரம்’ என்பதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒட்டினேன்.

பெட்டி முழுசாக வண்டியில் ஏறியது. 117க்கு 117.

ஜூன் 22, சனி

டாக்டர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் பெயருக்கு நேரே பூங்கொத்துப் படம் போட்டிருந்தார். போனை மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

சத்துப்பொடி தீர்ந்துவிட்டது. கோயிலுக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஆற்றுக்கு அக்கரை போனேன். வைத்தியர் வீட்டு வாசலில் இன்று நாற்பது பெண்களாவது இருப்பார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வதில்லை. வைத்தியர் நாடியைப் பிடித்து, "இன்னும் ரெண்டு மண்டலம் சாப்பிடு தாயி" என்றார். பொடி இந்தத் தடவை இன்னும் நல்ல சிவப்பு. கடுகு டப்பாவுக்குள் வைத்தாயிற்று. இதெல்லாம் உடம்புத் தெம்புக்குத்தான்.

ஜூலை 10, புதன்

இருநூறும் முடிந்துவிட்டது. அயோடின் முடிவு வந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையில் காட்டினார் டாக்டர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண்.

"ஒரு புள்ளிய மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நேத்து அவங்க மீன் சாப்பிட்டிருக்கலாம், தண்ணி கம்மியாக் குடிச்சிருக்கலாம். ஆனா எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு நடுவுல நிக்கறது யாருன்னு பாருங்க. அது அசையாது. அது ஊரோட உப்பு."

பார்த்தேன். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்த புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு அமைதியாக ஓடியது. யாரும் யாரையும் கேட்டுக் கொடுக்கவில்லை. அவரவர் விடிகாலைத் தூக்கத்தில் எழுந்து அவரவர் கப்பில் பிடித்தது. எல்லாம் சேர்ந்து ஒரு ஊரே வாய் திறந்து பேசுகிறது.

அதில் ஒரு புள்ளி கர்ப்பிணி இல்லை. இருநூறில் ஒன்றுதானே, நடுக்கோடு அசையாதென்று அவரே சொல்லிவிட்டார்.

ஜூலை 15, திங்கள்

காரீய முடிவு வந்துவிட்டதாம். எல்லாருக்கும் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை மைக்ரோகிராம். ஒரே ஒருத்திக்கு மட்டும் தொண்ணூற்று நாலு. ஹசீனா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாளாம்.

நூற்றுப் பதினேழு.

ஜூலை 16, செவ்வாய்

துணி துவைத்தேன். கேஸ் புக் செய்தேன். பிறகு டாக்டரோடு வண்டியில் ஏறிப் பாப்பாத்தியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

கௌசல்யாவை அவள் அம்மா ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கச் சொல்லியாயிற்று. முடிவு வர வெள்ளிக்கிழமை ஆகும். அதற்குள் விஷம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். பாத்திரம் பண்டமெல்லாம் வாசலுக்கு வந்தது. மஞ்சள் டப்பா, மிளகாய்த்தூள், குங்குமச் சிமிழ், வளைகாப்பு வளையல், சுவரில் சுரண்டிய சுண்ணாம்பு, எல்லாவற்றையும் பையில் போட்டு எண் எழுதினேன். தெருவே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. அத்தனை கோபக்காரப் பாப்பாத்தியம்மாள் தன் பித்தளைக் குடத்தைத் தானே தூக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது கௌசல்யாவின் அம்மா போனில் வந்தார். பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது. "என்ற புள்ளைக்கு வெசம் வெச்சுட்டீங்களே! இனி அவ உங்கூட்டு வாசப்படி மிதிக்கமாட்டா. புள்ளைய எடுத்துக்கறதுக்கும் நீங்க ஒருத்தரும் வர வேண்டாம்."

பாப்பாத்தியம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், டாக்டரை அல்ல. "நான் என்னம்மிணி பண்ணுனேன்? என்ற கையால சோறு போட்டதத் தவர நான் என்ன பண்ணுனேன்?"

நான் குனிந்து அடுத்த பைக்கு எண் எழுதினேன்.

ஜூலை 17, புதன்

கௌசல்யா நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். எதில் விஷமோ என்ற பயம். இளநீரைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாளாம். எட்டாம் மாதம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் கப்பில்தான் கோளாறு என்று அர்த்தமாம். அன்றைய பெட்டியை முழுசாகத் தூக்கிப் போட வேண்டும், மற்றப் பெட்டிகளையும் நம்ப முடியாது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை எல்லாம் தானாக ஓய்ந்துவிடும். கப்பைக் குற்றம் சொல்லி ஃபைலை மூடிவிடுவார்கள். என் வேலை இருக்கும், பூங்கொத்தும் இருக்கும். இதை எழுதும் கை எனக்கே பிடிக்கவில்லை.

அந்தத் தொண்ணூற்று நாலு என்னுடையது. எழுதிவிட்டேன். அது சத்துப்பொடியும் இல்லை, தெம்புக்கும் இல்லை. பிள்ளை வேண்டுமென்று ஐந்து மாதமாகத் தின்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போய்விட்டேன். டாக்டர் மெஷின் அறையில் ஹசீனாவோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஆட்டுக்குட்டியிலிருந்து அங்கன்வாடிக் கக்கூஸ் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இருநூறு பொண்ணுங்க நம்மள நம்பிக் குடுத்தாங்க சுகந்தாமணி. ‘எடுக்க முடியல’ன்னு ஒரு வரி எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? இப்ப அந்த ரெண்டு குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?"

குனிந்துகொண்டேன். ஹசீனாதான் மெதுவாகக் கேட்டாள்: "மேடம்... அப்ப அந்தத் தொண்ணூத்தி நாலு?"

டாக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து, கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். இதுவரை என்னை நீங்க என்றுதான் கூப்பிட்டவர்.

"நீ என்னம்மா சாப்பிடறே?"

அதற்குப் பிறகுதான் அழுதேன். கல்யாணமாகி ஒன்பது வருடம். ரெண்டு தடவை உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் போதும் என்று வீட்டுக்காரர் சொன்னபிறகு, அவருக்குத் தெரியாமல் அக்கரை வைத்தியர். எல்லாம் சொன்னேன். கடைசியில் இதையும் சொன்னேன்: "அந்த லேபிள்ல இருபத்தெட்டு வாரம்னு போட்டிருந்துச்சுங்க. அத என்ற கப்புமேல ஒருக்கா ஒட்டிப் பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சுங்க."

ஹசீனா திரும்பி மெஷினைப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் என் கையை விடவில்லை. ரத்தம் எடுக்க அவரே ஊசி போட்டார்.

ஜூலை 19, வெள்ளி

"நீயே போய்ச் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்" என்றார் டாக்டர். சொன்னேன்.

பாப்பாத்தியம்மாள் முதலில் விளக்குமாற்றைத்தான் எடுத்தார். "ஊர் முன்னால என்ற மானத்த வாங்கிட்டயேடி! உன்ற மூத்திரத்துக்கு என்ற பேரா?" டாக்டர் குறுக்கே வந்தார், நான் விலகச் சொன்னேன். ஆனால் அடி விழவில்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போனைத் தேடினார். "அடக் கெரகமே, மொதல்ல அவ சோறு திங்கட்டும்."

கௌசல்யாவின் ரத்தம் சுத்தம் என்று அதற்குள் செய்தி வந்துவிட்டது. போனில் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மறுபடி ஒரு தடவை முழுசாகச் சொன்னேன். அவள் அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது, எழுதினால் நோட்டு தாங்காது. கௌசல்யா நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப என்ற கப்பு என்னாச்சுங்கக்கா?"

"ஆட்டுக்குட்டி தட்டி உட்ருச்சு கண்ணு."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, நடுவில், "அத்தை, எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். பாப்பாத்தியம்மாள் போனைக் காதில் வைத்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடுகு டப்பாவை எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து, ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு நீ இருந்தாப் போதும்னு சொன்னனே சுகந்தா. உனக்குக் காதுல உழுகவே இல்லையா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஜூலை 22, திங்கள்

ஹசீனா அந்தப் பொடியில் ஊசிமுனை அளவு எடுத்து, ஆசிட்டில் கரைத்து, தண்ணீர் விட்டு, அதில் கொஞ்சம் எடுத்து மறுபடி தண்ணீர் விட்டு, ஆயிரம் மடங்குக்கு மேல் நீர்க்கச் செய்துதான் வைத்தாள். அப்படியும் மெஷின் எண்ண முடியாமல் தானாக நின்றுகொண்டது. அவள் இந்த வேலைக்கு வந்து இப்படி நின்று பார்த்ததே இல்லையாம்.

என் ரத்தத்திலும் அதிகம். உடனே மருத்துவம் ஆரம்பித்தார்கள். டாக்டர் படம் போட்டு விளக்கினார். காரீயம் எலும்புக்குள் போய், சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். பிள்ளை உண்டானால், தாயின் எலும்பு கரைந்து பிள்ளைக்குப் போகும்போது இதுவும் சேர்ந்து போகுமாம். பிள்ளை வேண்டுமென்று நான் சாப்பிட்டது, பிள்ளை வந்திருந்தால் முதலில் அதற்குத்தான் போயிருக்கும்.

இன்னொன்றை நினைத்துத்தான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒவ்வொரு காலையும் உள்ளே தள்ளினேன். என் உடம்பு ஒவ்வொரு நாளும் முடிந்த மட்டும் வெளியே தள்ளியிருக்கிறது. வயிறு முறுக்கிச் சொல்லியது, வாயில் காசு ருசியாகச் சொல்லியது. எதையும் கேட்காதவள், பொய் லேபிள் ஒட்டி அனுப்பிய கப்பு போய்ச் சொன்னபிறகு கேட்டேன். எண்ணை மாற்றினேன், வாரத்தை மாற்றினேன். அந்தச் சுடருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கப்பு வாங்கும் வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நியாயம்தான். நான் வாங்கியதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, முப்பது வீடுகளில் வேறொருத்தி மறுபடி கப்பு வாங்கப்போகிறாள். வாசல்படியில் திறந்து மூடிய வெறுந்தண்ணிக் கப்புகளில் ஒன்றுமில்லை என்று முன்பே வந்திருக்கிறது, அது ஒரு ஆறுதல். போவதற்கு முன் ஆபீஸ் நோட்டில் என் கையாலேயே எழுதினேன்: ‘117. மாதிரி இல்லை. ஆடு கவிழ்த்துவிட்டது.’ கீழே கையெழுத்து.

"அந்த வைத்தியர் வாசல்ல உன்கூட நின்னவங்க யாரு யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் நின்ற பெண்களை முகம் தெரியாமல் எப்படித் தேடுவது? ஆனாலும் ஒருத்தியின் பஸ் எனக்குத் தெரிந்தது, இன்னொருத்தியின் தையல் கடை தெரிந்தது. ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள். வைத்தியர் வீட்டை அதிகாரிகள் பூட்டிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் இதுவரை பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள்.

கதவைத் திறந்ததும் எல்லாரும் முதலில், "நான் அங்கெல்லாம் போனதே இல்லைங்க" என்கிறார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்து, "நானும் போகலைன்னுதான் சொல்லிட்டிருந்தேன். எனக்குத் தொண்ணூத்தி நாலு" என்கிறேன். அதற்குப் பிறகு அவர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருத்திக்கு ஏழு வாரக் கர்ப்பம். அவளை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன், வழி முழுக்க அவள் கையை நான் விடவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

கௌசல்யாவுக்குப் பெண் குழந்தை. பாப்பாத்தியம்மாளே போன் செய்தார். "வந்து பாத்துட்டுப் போ. நெத்திக்கு வெச்சுட்டு வா" என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளை யார் ஜாடை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கௌசல்யா குழந்தையை நீட்டினாள். கை கழுவணும் என்றேன். நிஜமாகவே போய்க் கழுவிக்கொண்டு வந்து வாங்கினேன். எத்தனை கனம்! இருந்தும் கனமே இல்லை. அந்தச் சின்ன எலும்பெல்லாம் கௌசல்யாவின் எலும்பிலிருந்து வந்தது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. மடியில் ஈரம். கௌசல்யா சிரித்துவிட்டு, "உங்களுக்குத் தர வேண்டிய பாக்கிங்கக்கா" என்றாள்.

அக்டோபர் 25, வெள்ளி

வாயில் ருசி திரும்பி ஒரு மாதமாகிறது. இன்று எனக்குக் கணக்குப் பார்க்கும் நாள்.

லேபில் புதுக் கப்பு ஒன்றும் லேபிள் ஒன்றும் ஹசீனா நீட்டினாள். நீங்க இந்த ஆராய்ச்சியில் இல்லை, அதனால் எண் கிடையாது, பெயரே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சுகந்தாமணி என்று எழுதினேன். இத்தனை கப்புகளில் லேபிள் ஒட்டிவிட்டேன், என் பெயரை ஒன்றில்கூட எழுதியதில்லை.

முதலில் வெறுந்தண்ணீரை ஓட்டினாள். ஒன்றுமில்லை என்றது. பிறகு என் சொட்டு. நான் அந்தக் கறுப்பு ஜன்னலில் குனிந்து நின்றேன். ஊதாச் சுடர் ஒரு நொடி லேசாக நிறம் மாறியது மாதிரி எனக்குத் தோன்றியது. இருக்காது என்கிறாள் ஹசீனா. இருக்கட்டும், நான் பார்த்தேன். என்னை அணு அணுவாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தது, நான் முழுசாக நின்று வேடிக்கை பார்த்தேன்.

"பதினொண்ணுங்கக்கா!" என்று கத்தினாள். தொண்ணூற்று நாலிலிருந்து பதினொன்று. இன்னும் இறங்கும் என்றார் டாக்டர். எலும்பு விடுவதற்கு வருடங்கள் ஆகுமாம். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நோட்டில் பதிவு செய்ய ஹசீனா லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, எத்தனை வாரம்னு ஒரு கட்டம் இருக்கே, அதக் காலியா விட்டுட்டீங்களே" என்றாள்.

பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.